கைமாறக் கைமாறக் கரையும் பணம்

தீப்பெட்டிப் படம், அஞ்சல்தலை, பழைய நாணயம் என்று எதையாவது சேர்த்து வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சேர்த்ததை விற்றுக் காசு பார்க்கும் ஆசையும் அதனுடன் கூடப் பிறந்ததுதான். இன்று அந்தச் சேகரிப்பு கணிப்பொறிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. விளையாட்டில் வரும் துப்பாக்கியின் மேல் பூசப்படும் வண்ணக் கோலம், ஓர் ஓவியத்தின் உடைமையைக் குறிக்கும் பதிவு ஆகியவை தொட்டுப் பார்க்க முடியாத பொருள்கள். ஆயினும் இவற்றை வாங்கவும் விற்கவும் பெரிய சந்தைகள் இருக்கின்றன.

"ஆயிரத்துக்கு வாங்கினேன், ஆயிரத்து நூறுக்கு விற்றேன், நூறு ரூபாய் இலாபம்" என்று மாணவர்கள் பேசிக்கொள்வதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி கேட்கிறேன். இந்த வாக்கியத்தில் முதல் இரண்டு எண்களும் சரி. மூன்றாவது எண் சரியா? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். சதவீதமும் பெருக்கலும் தெரிந்தால் போதும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே சேரும் பதினைந்து

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தை நடத்துகிறது. விளையாட்டுப் பொருள்களை ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ள அத்தளத்தில் 2012 டிசம்பரில் ஒரு சந்தை திறக்கப்பட்டது. 2013 ஆகஸ்டில் கவுண்டர்-ஸ்டிரைக் விளையாட்டுக்கு ஆயுதப் பூச்சுகள் வந்தன. விளையாடுவோர் இவற்றை 'ஸ்கின்' என்பார்கள். இந்தப் பூச்சினால் துப்பாக்கி வேகமாகச் சுடுவதில்லை. பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த அழகுக்கே சில ரூபாயிலிருந்து பல இலட்சம் ரூபாய் வரை விலை உண்டு.

ஒவ்வொரு விற்பனையிலும் சந்தை தரகு எடுக்கிறது. ஸ்டீமுக்கு 5 சதவீதம், விளையாட்டுக்கு 10 சதவீதம், ஆக 15 சதவீதம். இது எதன்மேல் 15 சதவீதம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். விற்பவர் கையில் பெறும் தொகையின்மேல் 15 சதவீதம் கூட்டி, அதை வாங்குபவரிடம் விலையாகக் கேட்கிறார்கள். விற்பவருக்கு 100 ரூபாய் கிடைக்க வேண்டுமானால் வாங்குபவர் 115 ரூபாய் தர வேண்டும். ஆகவே திரையில் தெரியும் விலையை 1.15 ஆல் வகுத்தால் விற்பவரின் பங்கு கிடைக்கும்.

நம் மாணவரின் கணக்குக்கு வருவோம். 1,100 ஐ 1.15 ஆல் வகுத்தால் 956 ரூபாய் 52 காசு. வாங்கியது 1,000 ரூபாய்க்கு. எனவே நூறு ரூபாய் இலாபம் என்று அவர் எண்ணிய வியாபாரத்தில் உண்மையில் 43 ரூபாய் 48 காசு நட்டம். விலை 1,150 ஆன பிறகுதான் அவருக்குப் போட்ட முதல் திரும்பும். அதற்கு மேல் வருவதே இலாபம்.

இதே 15 சதவீதத்தை விற்ற விலைக்கு உள்ளிருந்து பிடிக்கும் ஒரு சந்தையைக் கற்பனை செய்யுங்கள். அங்கே 1,150க்கு விற்றால் 172 ரூபாய் 50 காசு தரகாகப் போய், 977 ரூபாய் 50 காசுதான் மிஞ்சும். முதல் திரும்ப 1,000 ஐ 0.85 ஆல் வகுக்க வேண்டும். 1,176 ரூபாய் 47 காசு வரும். பெயரளவில் இரண்டும் 15 சதவீதமே என்றாலும் முன்னது உண்மையில் 13.04 சதவீதம், பின்னது முழு 15 சதவீதம். ஒரு சதவீதத்தைக் கேட்டவுடன் 'எதில்?' என்று கேட்கும் பழக்கம் இயற்பியல் மாணவர்க்கு மிகவும் தேவை. வியாபாரிக்கு அது இன்னும் அதிகமாகத் தேவை.

மலிவான பொருள்களில் நிலைமை விசித்திரமாகிறது. டாலர் கணக்கில் ஒவ்வொரு தரகும் குறைந்தது ஒரு சென்ட். ஆகவே 3 சென்ட் விலையுள்ள பொருளை விற்றால் இரண்டு சென்ட் தரகாகப் போய், விற்றவருக்கு ஒரு சென்ட் கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு தரகு! சிறு பொருள்களை நூற்றுக்கணக்கில் வாங்கி விற்று முன்னேறலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சந்தையில் விற்ற பணம் ஸ்டீமின் பணப்பையில் சேர்கிறது. அதைக் கொண்டு அங்கேயே விளையாட்டுகளோ வேறு பொருள்களோ வாங்கலாம். வங்கிக் கணக்குக்கு மாற்ற முடியாது. எனவே அங்கு கிடைக்கும் இலாபம் ரூபாயில் எழுதப்பட்டிருந்தாலும், அது ஒரே கடையில் மட்டும் செல்லும் சீட்டுதான்.

பணத்துக்கும் ஓர் அரை ஆயுள்

கதிரியக்கப் பொருள்களின் அரை ஆயுளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ரேடியம்-226 அணுக்களில் பாதி சிதைவதற்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். அடுத்த 1,600 ஆண்டில் மீதியில் பாதி சிதையும். ஒவ்வொரு கால அளவிலும் சிதைவது, அப்போது எஞ்சியிருப்பதில் ஒரே பின்னமாக இருப்பதால்தான் இப்படி நிகழ்கிறது. சந்தைத் தரகும் இதே இலக்கணத்தில் அடங்குகிறது. ஒவ்வொரு விற்பனையிலும் கையில் இருப்பதில் 13.04 சதவீதம் போகிறது. ஆண்டுகளை எண்ணுவதற்குப் பதிலாக இங்கே விற்பனைகளை எண்ண வேண்டும்.

விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பொருளை வாங்கி விற்று, வந்த பணத்துக்கு வேறொன்றை வாங்கி விற்று, இப்படியே போனால் கையில் இருப்பது என்ன ஆகிறது? முதல் விற்பனைக்குப் பின் 869 ரூபாய் 57 காசு. இரண்டாவதற்குப் பின் 756 ரூபாய் 14 காசு. பிறகு 657.52, அடுத்து 571.75, ஐந்தாவது விற்பனைக்குப் பின் 497 ரூபாய் 18 காசு. ஐந்தே கைமாற்றத்தில் பாதிப் பணம் மறைந்துவிட்டது! இன்னும் ஐந்து முறை செய்தால் 247 ரூபாய்தான் மிஞ்சும். ஆக, இந்தச் சந்தையில் பணத்தின் அரை ஆயுள் ஐந்து விற்பனைகள். மடக்கைப் பட்டியல் வைத்திருப்பவர்கள் 2 இன் மடக்கையை 1.15 இன் மடக்கையால் வகுத்துப் பாருங்கள், 4.96 வரும்.

இந்தப் பணம் எங்கே போனது? ஆற்றல் அழிவதில்லை என்பதைப் போலப் பணமும் அழிவதில்லை. சந்தை நடத்துபவரிடம் போய்ச் சேர்ந்தது. வாங்குவோரும் விற்போரும் ஒருவரை ஒருவர் வென்றாலும் தோற்றாலும், எல்லோரையும் ஒரு குழுவாகப் பார்த்தால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் குழுவின் பணம் குறைகிறது. கிணற்றடிப் பம்புசெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் திறன் 85 சதவீதம், பம்பின் திறன் 60 சதவீதம் என்றால், மொத்தத் திறன் இரண்டையும் பெருக்கி வரும் 51 சதவீதமே. சங்கிலியில் கண்ணிகள் கூடக் கூடத் திறன் குறைகிறது.

இங்கே ஒரு சுவையான ஒற்றுமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2021 மார்ச் 11இல் பீப்பிள் என்ற பெயரில் படைக்கும் அமெரிக்க ஓவியரின் கணிப்பொறி ஓவியம் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தில் 6,93,46,250 டாலருக்குப் போனது. உலகமெங்கும் செய்தியானது. வாங்கியவர் 'மெட்டாகோவன்' என்ற புனைபெயரால் அறியப்பட்ட தமிழரான விக்னேஷ் சுந்தரேசன். ஆனால் ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை 6,02,50,000 டாலர்தான். மீதி 90,96,250 டாலர், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தந்த கட்டணம். மறுநாளே அதே சுத்தியல் விலைக்கு வேறொருவர் அங்கு ஏலம் எடுத்தாலும், விற்பவர் கைக்கு வருவது 6 கோடியே இரண்டரை இலட்சம் டாலருக்கு மேல் இராது. குறைவது 13.1 சதவீதம்! கோடி டாலர் ஓவியமும் ஆயிரம் ரூபாய்த் துப்பாக்கிப் பூச்சும் ஏறக்குறைய ஒரே தராசில் நிற்கின்றன.

நிலையான செலவு

பீப்பிளின் ஓவியத்துடன் விற்கப்பட்டது 'என்.எஃப்.டி.' எனப்படும் உடைமைப் பதிவு. இப்பதிவுகள் பிளாக்செயினில் எழுதப்படுகின்றன. பிளாக்செயின் என்பது பல கணிப்பொறிகளில் ஒரே சமயத்தில் வைத்துப் பராமரிக்கப்படும் பொதுக் கணக்கேடு. இவற்றில் எத்தேரியம் என்பது புகழ் பெற்றது. அதில் செல்லும் நாணயம் ஈதர். அந்த ஏட்டில் ஒரு வரி எழுத வேண்டுமானாலும் 'கேஸ்' எனப்படும் கட்டணம் கட்ட வேண்டும். (அடுப்படிக் கேஸுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, வண்டி ஓடப் பெட்ரோல் வேண்டும் என்ற பொருளில் வைத்த பெயர்.) வேலையின் அளவைக் கேஸ் அலகில் கணக்கிட்டு, அதை ஓர் அலகின் விலையால் பெருக்கினால் கட்டணம் வரும். விலையைக் கிவெய் என்னும் சிறு நாணயத்தில் சொல்வார்கள். நூறு கோடி கிவெய் சேர்ந்தது ஓர் ஈதர்.

இந்தக் கட்டணம் பொருளின் விலையைப் பொறுத்தது அன்று. குடிசையை எழுதிக் கொடுத்தாலும் மாளிகையை எழுதிக் கொடுத்தாலும் அதே கூலி கேட்கும் பத்திர எழுத்தரைப் போன்றது. வாங்கும்போது 1,50,000 அலகு, பிறகு விற்பனைக்கு அனுமதி தர 50,000 அலகு, அலகின் விலை 50 கிவெய் என்று கொள்வோம். மொத்தம் ஒரு கோடி கிவெய், அதாவது 0.01 ஈதர். 2021இல் 50 கிவெய், 100 கிவெய் என்பவை சாதாரணம். பிற்காலத்தில் மிகவும் இறங்கிய நாள்களும் உண்டு. இதனுடன், 2021, 2022 ஆண்டுகளில் ஓப்பன்சீ என்னும் பெரிய சந்தை விற்பனை விலையில் 2.5 சதவீதம் தரகு எடுத்தது. படைத்தவருக்கு உரிமைத் தொகையும் உண்டு. அதை 5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் பிடித்தம் 7.5 சதவீதம்.

இப்போது சூத்திரம் எழுதலாம். வாங்கிய விலையுடன் நிலையான செலவைக் கூட்டுங்கள். ஒன்றிலிருந்து தரகுப் பின்னத்தைக் கழித்து வருவதால் அதை வகுங்கள். போட்ட முதல் திரும்புவதற்கான விலை அதுவே.

ஒரு ஈதருக்கு வாங்கியவருக்கு 1.01 ஐ 0.925 ஆல் வகுக்க 1.092 வருகிறது, விலை 9.2 சதவீதம் ஏறினால் அவர் தப்பினார். 0.1 ஈதருக்கு வாங்கியவருக்கு 0.11 ஐ வகுக்க 0.1189, அவருக்கு 18.9 சதவீத ஏற்றம் வேண்டும். 0.01 ஈதருக்கு வாங்கியவருக்கோ 0.02 ஐ வகுக்க 0.0216. விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால்தான் அவர் போட்ட முதலைப் பார்ப்பார்! மாணவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையினர். கையில் சிறு தொகை வைத்திருப்பவருக்கே நிலையான செலவு பெருஞ்சுமை.

கூட்டம் கூடினால் கேஸ் விலை ஏறும். 2022 ஏப்ரல் 30இல் யூகா லேப்ஸ் நிறுவனம் 'அதர்சைட்' என்னும் கற்பனை உலகின் மனைகளை விற்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடித்ததால் கேஸ் விலை ஆயிரக்கணக்கான கிவெய்க்குப் பறந்தது. மனையின் விலைக்கு ஈடான தொகையைக் கேஸுக்கே கொடுத்தவர்கள் இருந்தனர். ஏட்டில் எழுதும் முயற்சி தோற்றுப்போனாலும் கேஸ் பணம் திரும்புவதில்லை. அன்று தோற்றவர்களுக்கு அந்த நிறுவனம் தானாக முன்வந்து ஈடு செய்தது. எப்போதும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது.

ஓடும் இரயிலில் நடப்பவர்

ஓடும் இரயிலின் பெட்டிக்குள் ஒருவர் எஞ்சினை நோக்கி மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். ஆனால் இரயில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்கிறது. தண்டவாளத்தருகே நிற்பவருக்கு அவர் முன்னேறுகிறாரா, பின்வாங்குகிறாரா? ஈதரில் விலை சொல்லி வாங்குபவரின் நிலையும் இதுவே.

2021 நவம்பரில் ஓர் ஈதர் 4,800 டாலரைத் தொட்டது. 2022 ஜூனில் 1,000 டாலருக்கும் கீழே இறங்கியது. இந்த எல்லைகளுக்குள் 4,500 டாலர், 1,100 டாலர் என்று இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 1 ஈதருக்கு வாங்கி 1.5 ஈதருக்கு விற்கிறார். பெட்டிக்குள் பார்த்தால் 50 சதவீத ஏற்றம். தரகு போகக் கையில் நிற்பது 1.3875 ஈதர். அதை டாலராக்கினால் 1,526. போட்டதோ 4,500 டாலர். அரிசிக் கடையில் ஈதர் வாங்கமாட்டார்கள் என்பதால், நம் தண்டவாளம் ரூபாய்தான். கொள்முதல் நாளின் ரூபாய் மதிப்பையும் விற்ற நாளின் ரூபாய் மதிப்பையும் குறித்து வைக்காதவர் தாம் எந்தத் திசையில் நடக்கிறோம் என்றே அறியமாட்டார்.

திரையில் தெரியும் விலையை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். டுவிட்டரின் நிறுவனர்களுள் ஒருவரான ஜாக் டார்சியின் முதல் பதிவு 2021 மார்ச்சில் சுமார் 29 இலட்சம் டாலருக்கு என்.எஃப்.டி.யாக விற்கப்பட்டது. வாங்கியவர் 2022 ஏப்ரலில் அதற்கு 4 கோடியே 80 இலட்சம் டாலர் கேட்டார். ஏல நாள் முடிந்தபோது வந்திருந்த உச்ச கேள்வி சுமார் 280 டாலர். கேட்கும் விலை விற்பவரின் ஆசை. வாங்க ஒருவர் வந்து பணம் கட்டும்போதுதான் அது விலையாகிறது. உங்கள் கணக்கில் எழுத வேண்டியது, அப்பொழுதே தரத் தயாராக இருப்பவர் சொல்லும் தொகையை மட்டுமே.

பொருளை வெளியிட்டவர் விதியை மாற்றினாலும் விலை புரளும். 2025 அக்டோபரில் கவுண்டர்-ஸ்டிரைக் விளையாட்டில், உயர்வகைச் சிவப்புப் பொருள்கள் ஐந்தைக் கொடுத்துக் கத்தியோ கையுறையோ மாற்றிப் பெறலாம் என்று வால்வ் விதியை மாற்றியது. அதுவரை அரிதாக இருந்த கத்திகளின் விலை மளமளவென்று சரிந்தது. சிவப்புப் பொருள்களின் விலை ஏறியது. தபால் துறை நினைத்தால் பழைய அஞ்சல்தலையை மறுபடி அச்சிடலாம் என்றால் சேகரிப்பவர் கதி என்ன ஆகும்? அது போன்றதே.

வரியின் கணக்கு

நம் நாட்டில் 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய மின்னணுச் சொத்துகளின் இலாபத்துக்கு 30 சதவீத வருமான வரி விதிக்கப்பட்டது. என்.எஃப்.டி.களும் இதில் அடங்கும். வரியின் மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை உண்டு, ஆக 31.2 சதவீதம். வரி அதிகம் என்பதைவிட, அதைக் கணக்கிடும் முறையே நாம் கவனிக்க வேண்டியது. விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம். தரகு, பிற செலவு எதையும் கழிக்க இடமில்லை. ஒரு பொருளில் வந்த நட்டத்தை இன்னொன்றின் இலாபத்தோடு நேர்செய்யவும் முடியாது.

10,000 ரூபாய்க்கு வாங்கி 12,000க்கு விற்றதாகக் கொள்வோம். தரகு 7.5 சதவீதம், 900 ரூபாய். கேஸ் செலவு 500. கையில் மிஞ்சியது 600 ரூபாய். வரி எவ்வளவு? 600க்கு அன்று, 2,000க்கு! 31.2 சதவீதம் என்றால் 624 ரூபாய். 600 சம்பாதித்து 624 வரி கட்டி, 24 ரூபாய் நட்டத்தில் வீடு திரும்புகிறார். இருபது சதவீத விலையேற்றத்தின் முடிவு இது. அவருக்கு முதல் திரும்ப வேண்டிய விலையைக் கணக்கிட்டால் 12,039 ரூபாய் வருகிறது. அதே ஆண்டில் இன்னொரு பொருளில் அவர் 2,000 ரூபாய் இழந்திருந்தாலும் இந்த 624 குறையாது.

2022 ஜூலை 1 முதல் விற்ற தொகையில் 1 சதவீதத்தை முன்கூட்டியே பிடிக்கும் முறையும் வந்தது. இது தனி வரி அன்று. ஆண்டு முடிவில் வரியில் ஈடு செய்துகொள்ளலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். அடிக்கடி விற்பவருக்கு இந்த ஒரு சதவீதம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கழிவதால், சுழலும் பணம் சுருங்கும்.

வாசகர்கள் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. ஸ்டீம் சந்தையில் வாங்கிய கவுண்டர்-ஸ்டிரைக் பொருளை ஒரு வாரம் கழித்தே மறுபடி விற்க முடியும். எல்லாப் பொருள்களின் விலையும் வாரத்துக்கு 10 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இப்படி ஏறாது. இரண்டு நண்பர்கள் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் தொடங்குகிறார்கள். முதல் நண்பர் வாரந்தோறும் விற்று, வந்ததற்கு உடனே வேறு பொருள் வாங்குகிறார். நான்காம் வார முடிவில் கடைசியாக விற்கிறார். இரண்டாமவர் வாங்கியதைத் தொடாமல் வைத்திருந்து நான்காம் வார முடிவில் ஒரே முறை விற்கிறார். தரகு மேலே சொன்ன 15 சதவீதம். இருவர் கையிலும் எவ்வளவு இருக்கும்?

விடை: முதல் நண்பரிடம் 837 ரூபாய், இரண்டாமவரிடம் 1,273 ரூபாய்.